ஏரிக்கரைச் சாலையின் இரு ஓரங்கள்

ஆகஸ்ட் 4

போனை எடுக்காத அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அதையும் பொய் என்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

சைக்கிள் கடையில் ஒரு சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிக் கோட்டம் எடுத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பியை முறுக்கினால் இன்னொரு பக்கம் இழுத்தது. வேலை ஓடவில்லை, அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஜூன் மாதத்திலிருந்து நான் அடிக்கிற போன் எல்லாம் மணியடித்து ஓய்ந்துபோகிறது. என் மனைவி அடித்தால் மட்டும் எடுக்கிறாய். அவளிடம் விலைவாசி வரைக்கும் பேசுகிறாய், என் பேச்சு வந்ததும் நோயாளி வந்துவிட்டார் என்று வைத்துவிடுகிறாய். உன் பிசியோதெரபி ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் தோள்பட்டை வலிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள் போலிருக்கிறது.

சரி, சுற்றி வளைக்கவில்லை. ஆமாம், பொய்தான் சொன்னேன். ஏரிக்கரை ரோட்டில் பம்ப் ஹவுஸைத் தாண்டியதும் இருந்த மரங்களை வெட்டி மூன்று வருஷம் ஆகிவிட்டது. படகுத்துறையையும் பிரித்துவிட்டார்கள். நான் எதையும் சொல்லவில்லை. உனக்குக் கண் போனபிறகு நீ வாய்விட்டுச் சிரித்த இடம் அந்த ரோடு ஒன்றுதான். நான் முன் சீட்டில், நீ பின் சீட்டில், ஒரே சைக்கிளை இரண்டு பேரும் மிதித்துக்கொண்டு பதினைந்து வருஷம் போனோம். இடது பக்கம் காடு, வலது பக்கம் ஏரி, சிவப்புப் படகு என்று சொல்லிக்கொண்டே வருவேன், நீ கேட்டுக்கொண்டே வருவாய். காடு போயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் சந்தோஷத்துக்காகச் சொன்ன பொய், அவ்வளவுதான்.

என் மூட்டு வலியால் உன் ஞாயிற்றுக்கிழமை கெடக்கூடாது என்று சைக்கிள் கழகத்தில் சொல்லி, அந்தப் பல் டாக்டர் அம்மாவை உனக்கு முன் சீட்டில் உட்கார வைத்ததும் நான்தான். அவர் வாயைத் திறந்தார், என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. பல் டாக்டருக்கு மற்றவர்கள் வாயைத் திறக்கத்தானே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

சிரிக்க மாட்டாய். தெரியும். இருந்தாலும் ஒரு தடவை போனை எடு.

சின்னவன்

*

ஆகஸ்ட் 15

சின்னவனுக்கு,

உன் கையெழுத்தை என் போன் வாசிக்க மறுத்துவிட்டது. டாக்டர் சீட்டைப் படித்துப் பழகிய கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் படித்தார். நம் சண்டை முழுவதும் இப்போது அவருக்குத் தெரியும். இனிமேல் டைப் அடித்து அனுப்பு. போனை எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன், எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. மெஷின் வாசித்தால் உன் அழுகையும் ரயில் அறிவிப்பு மாதிரிதான் கேட்கும், அதுதான் எனக்கு இப்போது நல்லது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியுமா? பம்ப் ஹவுஸின் உறுமல் கேட்டதும் நான் அந்த அம்மாவிடம், இதோ காடு வரப்போகிறது, குளிர்ச்சியாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன், ஏதோ நானே நட்டு வளர்த்த மாதிரி. அவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "இங்க காடு எதுவும் இல்லீங்களே, ரோட்டோரம் ஒரே ஒரு வரிசை மரம் நிக்குது, பின்னாடி வெறும் அடிக்கட்டைதான்"னு சொன்னார். நான் சண்டை பிடித்தேன். என் தம்பி போன மாதம்தான் பார்த்தான், நீங்கள் பாதை மாறி வந்துவிட்டீர்கள் என்றேன். அவர் சைக்கிளை நிறுத்தி, என்னை இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு அடிக்கட்டையின் மேல் வைத்தார். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவது எனக்குக் கை வழியாகவே தெரிந்தது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்கள். நீ காடே இல்லாத இடத்தில் விட்டாய்.

நீ பொய் சொன்னது கூடப் பெரிதில்லை. மூன்று வருஷமாக அந்த இடத்தில் என் கைமேல் வெயில் விழுந்தது. சத்தம் மூடின அறை மாதிரி இல்லாமல் வெட்டவெளி மாதிரி கேட்டது. நான் உன்னிடம் கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. கிளை வெட்டியிருக்காங்க என்றாய், காத்து மாறி அடிக்குது என்றாய். நான் என் தோலை நம்பவில்லை, என் காதை நம்பவில்லை, உன் வாயை நம்பினேன். என் பிழைப்பே என் விரல்தான், அது உனக்குத் தெரியாதா? போன வருஷம் ஒருவருடைய தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் பட்டதா என்று எனக்கே சந்தேகம் வந்து, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அது உன் கைங்கரியம்.

என் சந்தோஷத்துக்காக என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதே.

பெரியவள்

*

ஆகஸ்ட் 23

அக்கா,

டைப் அடிக்கிறேன். ஒரு விரலால் அடிப்பதால் கோபமாக எதுவும் எழுத முடியாது, அதற்குள் ஆறிவிடுகிறது.

தோள்பட்டை விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். தப்பு என்னுடையது. அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அடிக்க வராதே. நாம் பிறந்த வீட்டை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கியபோது நான் உள்ளதைச் சொன்னேன், நினைவிருக்கிறதா? பாதி ரோட்டில் மிதிப்பதை நிறுத்திவிட்டாய். இரண்டு பேர் பாரத்தையும் நான் ஒருவனே மேட்டில் இழுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஏறி உட்கார்ந்ததும் உன் முதல் கேள்வி, எல்லாம் அப்படியேதானே இருக்கு என்பதுதான். அதை நீ கேட்கிற விதத்தில் பதிலும் சேர்ந்தே இருக்கும். அப்படியேதான் இருக்கு என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இது சாக்கு இல்லை. நானும் இதை யோசித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நீ என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், பின் சீட்டு உன் உயரத்தில்தான் இருக்கிறது. ஏறி உட்காரு என்று கேட்கவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

சின்னவன்

*

செப்டம்பர் 2

சின்னவனுக்கு,

வீட்டைப் பற்றி நீ எழுதியது உண்மைதான். அதைக் கேட்டு ஒரு வாரம் உன் மேல் இன்னும் கோபமாக இருந்தேன், ஏனென்றால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாம் அப்படியே இருக்கா என்று நான் கேட்டது உன் தலையில் துப்பாக்கி வைத்துக் கேட்ட மாதிரிதான் இருந்திருக்கும். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

இதோ நான் செய்யச் சொல்வது. நவம்பர் கடைசி ஞாயிறு கழகத்தார் இரண்டு ஏரியையும் சுற்றி, நடுவில் மலையும் ஏறி ஒரு பயணம் வைத்திருக்கிறார்கள். உன் கடை வாசலில் தொடங்கி நாம் வழக்கமாகப் போகும் அதே ரோடு. பின் சீட்டில் நான் போகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். முன் சீட்டில் யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் அம்மா தயாராக இருக்கிறார். நல்லவர், ஆனால் குழி வந்தால் குழி விழுந்தபிறகு சொல்கிறார்.

உன் பெயரைக் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு காரியம் செய். ஒரு நாள் நீ மட்டும் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு முழு வழியும் போ. மூட்டு வலி விட்டிருக்கும், மூன்று மாதம் ஆகிறது, அந்த வலிக்கு எந்தப் பயிற்சியும் கேட்டு நீ என்னிடம் வரவில்லை என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். போய், கண்ணில் பட்டதை அப்படியே எழுது. எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று நீ பிரிக்காதே. இரண்டு ஓரமும் என்ன இருக்கிறது, எது இல்லை, எல்லாம் வேண்டும். நான் அழுதால் என் வீட்டில் அழுதுகொள்கிறேன்.

அதைக் கேட்டபிறகு முடிவு செய்கிறேன்.

பெரியவள்

*

செப்டம்பர் 18

அக்கா,

போய்வந்தேன். ஒரு சொட்டு சர்க்கரை சேர்க்காமல் எழுதுகிறேன்.

காலையில் கடை வாசலில் இருந்து கிளம்பினேன். நீ இல்லாமல் இந்தச் சைக்கிள் காலி பஸ் மாதிரி துள்ளுகிறது. இரண்டு பெடலும் ஒரே செயினில் கட்டியிருப்பதால் நான் மிதிக்க மிதிக்கப் பின்னால் உன் பெடலும் தானாகச் சுற்றுகிறது. அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. பழக்க தோஷத்தில் ரயில்வே கேட்டில் "குழி"ன்னு கத்தினேன். கேட்கீப்பர் தன் காலடியைப் பார்த்தார்.

புது நெடுஞ்சாலை போட்டபிறகு லாரி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டதால் ஏரிக்கரை ரோடு இன்னும் நம்முடையதுதான். தார் நல்ல தார். நடுக்கோடு புதிதாகப் போட்டிருக்கிறார்கள், அடித்தவனுக்குக் கை நடுக்கம் போல, ஒரு இடத்தில் நெளிந்து பிறகு நேராகிறது. ஒரு ஒட்டு வேலை செவ்வகமாக, கறுப்பாக இருக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளி நசுங்கிய ஒரு தவளை. பிறகு ஒரு நாய், ரோட்டுக்கு நடுவில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. நான் பெல் அடித்தேன், அது எழுந்திருக்கவில்லை, நான்தான் சுற்றிப் போனேன். ஏரி நீலமாக இருந்தது.

பம்ப் ஹவுஸ் தாண்டியதும் இறங்கினேன். நீ கையை வைத்தாய் என்ற அடிக்கட்டையைத் தேடினேன். ஒன்றைப் பார்த்தேன், பிறகு அடுத்ததைப் பார்த்தேன், பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் பெரிதாக, நடுவில் வளையத்தோடு இருக்கிறது. ஒன்றில் எறும்பு போகிறது. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. காடு இல்லை, அக்கா. நீ சொன்னதுதான் சரி.

ஏற்றம் அதே ஏற்றம்தான். முதல் கொண்டை ஊசி வளைவில் கியரை இறக்க வேண்டும், இரண்டாவதில் மூச்சு வாங்கும், மூன்றாவதில் திட்டத் தோன்றும். அங்கே ஒரு பால் வண்டிக்காரன் எங்கிருந்தோ வந்து என் பக்கத்தில் ஹாரன் அடித்தான். கொஞ்சம் தடுமாறி மண்ணில் சாய்ந்தேன், முழங்கை லேசாகத் தேய்ந்தது, வேறு ஒன்றும் இல்லை. உச்சியில் டீக்கடைக்கார அம்மா "பின்னாடி ஆள் எங்க?"ன்னு கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். கிளாஸை என் முழங்கைப் பக்கம் வைத்துவிட்டார், தட்டிவிட்டேன், இன்னொன்று போட்டுத் தந்தார்.

இறக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். செருப்புக்கு முன்னால் சரளை இருந்தது. இரண்டாவது ஏரிக்குப் போகிற ரோட்டில் சாணி, வைக்கோல் துண்டுகள், யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை. அதற்குப் பிறகு மறுபடி தார், வீடு வரைக்கும் தார்தான்.

இதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. நீ யார் பெயரைக் கொடுத்தாலும் சரி.

சின்னவன்

*

செப்டம்பர் 24

தம்பி,

உன் கடிதத்தை மெஷின் எனக்கு மூன்று தரம் வாசித்தது. முதல் தரம் சிரித்தேன். இரண்டாம் தரம் ஏதோ உறுத்தியது. மூன்றாம் தரம் கேட்டுவிட்டு, நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

இரண்டு ஓரமும் எழுது என்றேன். நீ நடுக்கோடு நெளிந்ததை எழுதுகிறாய், தவளையை எழுதுகிறாய், எறும்பை எழுதுகிறாய். அவ்வளவு பெரிய ஏரிக்கு ஒரே ஒரு சொல், நீலம். ஏரியில் தண்ணீர் எவ்வளவு, கரையில் என்ன, படகுத்துறை இருந்த இடத்தில் இப்போது என்ன, எதுவும் இல்லை. மலை மேலிருந்து கீழே பார்த்தால் தெரியுமே, அதுவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். முழங்கைப் பக்கம் வைத்த கிளாஸைத் தட்டிவிடுகிறாய். பக்கத்தில் வந்த வண்டி எங்கிருந்தோ வந்தது என்கிறாய். பிரேக் சரியில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிறாய், ஊருக்கே பிரேக் மாட்டுகிற நீ. உன் மனைவி போன வருஷம் என்னிடம், "உங்க தம்பி நடக்கிற வழியில ஸ்டூலைக் கூடப் பாக்கறதில்ல அண்ணி, வயசாயிடுச்சு"ன்னு சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியும், கூடவே இருந்தாய். முதலில் இருட்டினால் தடுமாறினேன். பிறகு ஓரங்கள் போயின. எதிரே இருப்பவர் மூக்கு தெரியும், நீட்டின கை தெரியாது. எழுத்துப் படிப்பேன், கதவில் இடிப்பேன். கடைசியில்தான் நடுவும் போயிற்று.

உனக்கு எப்போதிலிருந்து?

நீ பொய் சொல்லவில்லை. உனக்குக் காடு வெட்டினதே தெரியாது. அந்த அம்மா சொல்லி, நான் உன்னைத் திட்டினபோதுதான் உனக்கே தெரிந்தது, இல்லையா? நான் உன்னைப் பொய்யன் என்றேன், நீ ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டாய். அது உனக்கு வசதியாக இருந்தது.

இது பரம்பரையாக வருகிற நோய், கூடப் பிறந்தவர்களும் வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார். நான் உன்னிடம் சொன்னேன். எறும்பு போறதே தெரியுது, எனக்கென்ன என்றாய். நான் விட்டுவிட்டேன். வற்புறுத்தியிருக்கலாம், கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். பயமாக இருந்தது. போய், உனக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னை யார் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. இந்த வரியை எழுதக் கேவலமாக இருக்கிறது.

இன்னொரு பக்கம் உன்னைக் கொல்ல வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டு ஓரமும் தெரியாமல் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கியிருக்கிறாய். நான் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பதில் எழுது. வேடிக்கையாக எழுதினால் கிழித்துவிடுவேன்.

அக்கா

*

அக்டோபர் 9

அக்கா,

நாலைந்து வருஷமாக. முதலில் அந்தி வேளையில் திணறினேன். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் திரும்பணும், கடையில் வேலை இருக்கு என்பேன். பிறகு ஓரம். கடையில் வேலை கெடவில்லை, கோட்டம் எடுப்பதற்கு விளிம்புக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தால் போதும், அது இன்றும் நன்றாகத் தெரிகிறது. அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நானே நம்பிக்கொண்டேன்.

ரோட்டில் உனக்குக் குழி வரக்கூடாது என்று சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற தாரை மட்டும் பார்த்துக்கொண்டே போவேன். கண்ணை எடுத்துப் பக்கத்தில் பார்க்கப் பயம். நீ இடது பக்கம் என்ன என்று கேட்பாய். மனதில் இருக்கிற காட்டைச் சொல்லிவிடுவேன். அங்கே காடு இருப்பதாகத்தான் நானும் நினைத்தேன். வெட்டி மூன்று வருஷம் ஆயிற்று என்பதும், படகுத்துறை போனதும், நீ திட்டியபிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னேன், அதுதான் என் பொய்.

மே மாதம் பம்ப் ஹவுஸ் பக்கத்தில் ஒரு குலுக்கல் வந்தது, குழி என்று சொன்னேன். குழி இல்லை. ஒரு பெரியவர் தள்ளுவண்டியோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். உரசுகிற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை. அவர் கத்தவும் இல்லை, ஒதுங்கிக்கொண்டார், நம் பின் மட்கார்டு அவர் வண்டியை உரசிவிட்டுப் போயிற்று. நீ அப்போது பாடிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மறுநாள் மூட்டு வலி என்று உனக்குப் போன் பண்ணினேன். கழகத்துக்கும் போய், நல்ல கண் உள்ள ஆளாக ஒருவரைக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். ரொம்ப நல்ல கண்.

நீ என்னைப் பொய்யன் என்றபோது நிம்மதியாக இருந்தது. பொய்யன் என்றால் திட்டுவாய். இது தெரிந்தால் அழுவாய். திட்டே தேவலை என்று நினைத்தேன். தோள்பட்டை விஷயத்தை எழுதினாயே, அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் வாய் வரவில்லை.

ஜூலையில் டாக்டரிடம் போனேன். தனியாகத்தான். உன்னைக் கூட்டிப்போன அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா, பெஞ்ச் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அப்போது நீ என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இந்தத் தடவை என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து முதலில் உனக்குத்தான் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. உன்மேல் குறை சொல்லவில்லை, எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

நடுப் பார்வை கொஞ்ச காலம் நிற்குமாம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்றுதான் என் மனைவியிடம் சொன்னேன். எழுந்துபோய், நடைவழியில் இருந்த ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டாள்.

கழகத்துக்கு அந்த அம்மாவின் பெயரையே கொடுத்துவிடு.

சின்னவன்

*

அக்டோபர் 14

தம்பி,

அந்தப் போன் மணி எனக்கு நினைவிருக்கிறது. ஜூலையில், மத்தியானம். ஒருவருக்கு முதுகு பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் உன் பெயரைச் சொன்னது. அடிக்கட்டும், அடித்து அலுக்கட்டும் என்று நினைத்தேன், அதில் ஒரு திருப்தி கூட இருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, என் சதை அன்றைக்கு ஆடவில்லை. நீ அந்த வராந்தாவில் இருந்து வெளியே வந்து நின்றபோது நான் இங்கே கோபத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன். இதை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரி செய்ய முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

கழகத்தில் பேசிவிட்டேன். அவர்களிடம் இன்னொரு இரட்டைச் சைக்கிள் இருக்கிறதாம். நம் சைக்கிளில் பல் டாக்டர் அம்மா முன்னால், நான் பின்னால். மற்றதில் அவர் கணவர் முன்னால், நீ பின்னால். அவர் தாசில்தார் ஆபீஸில் வேலை, ரொம்பப் பேசுவாராம், உனக்குச் சரியாக இருக்கும். பின் சீட்டு உனக்குப் புதிது. கையில் இருப்பது திரும்பாத ஹேண்டில், அதைத் திருப்ப முயற்சி செய்யாதே. முன்னால் இருப்பவர் சாய்ந்தால் கூடச் சாய், எதிர்த்து உட்காராதே. பிரேக்கைத் தேடிக் கை போகும், இருக்காது. முதல் ஞாயிறு பயமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அப்போது நீ முன்னால் இருந்தாய், அதனால் சமாளித்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று.

பதினைந்து வருஷம் நீ அந்த ரோட்டை எனக்காகப் பார்த்தாய். எனக்குச் சொல்வதற்காகப் பார்த்தாய், எனக்குக் குழி வராமல் இருக்கப் பார்த்தாய். கண் நன்றாக இருந்த காலத்தில் அந்த ஏரியை உனக்கென்று ஒரு தடவை நின்று பார்த்திருப்பாயா? நான் நிற்க விட்டதில்லை. நின்றால் உடம்பு ஆறிவிடும், ஏற்றத்தில் கஷ்டம் என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். உன் கண்ணை நான் செலவழித்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. இதற்கு மருத்துவத்தில் இடமில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் தோன்றுகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வேண்டாம். ஏரிக்கரைக்கு நடந்து போ. எங்கேயாவது உட்கார். கழுத்தைத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகவாவது முழு ஏரியையும் பார்த்து முடி. மலையையும் பார். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுதாதே. எனக்கு வேண்டாம். அது உனக்கு.

போனை இனிமேல் எடுப்பேன்.

அக்கா

*

அக்டோபர் 22

அக்கா,

போனில் இதைச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரியே போனேன். ஏரிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கழுத்து வலிக்கிற வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. பார்த்ததை எழுதவில்லை, நீ வேண்டாம் என்றுவிட்டாய்.

ஆனால் அக்கா, உனக்குச் சொல்லாமல் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. ஒவ்வொரு தரமும் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. கடைசியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சத்தமாகவே சொல்லிவிட்டேன், ஆரம்பத்தில் இருந்து, இடது பக்கம் வலது பக்கம் எல்லாம். சொல்லி முடித்து, நீ ம் கொட்டுவாய் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

சின்னவன்